"தாயும் பிள்ளையும் சுகம்" என்ற பிறகு பெண்கள் சொல்லும் கதை: மகப்பேற்றுப் பராமரிப்பின் தரம் என்றால் என்ன?

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் யாருக்காவது பிள்ளை பிறந்தால் செய்தி ஒரே வசனத்தில் வரும்: "தாயும் பிள்ளையும் சுகம்." அதைக் கேட்டதும்தான் எல்லோருக்கும் மூச்சு வரும். பிறகு என்ன நிறை, ஆணா பெண்ணா, யாருடைய சாயல் என்று பேச்சு பிள்ளையின் பக்கம் போய்விடும். தாயைப் பற்றி அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பிள்ளை பார்க்கப் போவோம். மாமியும் பெரியம்மாவும் தேத்தண்ணி போட எழும்பிப் போன பிறகு அறைக்குள் வேறொரு கதை தொடங்கும். "அக்கா, அண்டைக்கு ராத்திரி நான் எத்தனை தரம் கூப்பிட்டனான் தெரியுமா?" என்று ஒருத்தி சொல்வாள். "ஒரு மிஸ் இருந்தவ, அவ மட்டும் இல்லாட்டி நான் பயத்திலேயே செத்திருப்பன்" என்று இன்னொருத்தி சொல்வாள். மிஸ் என்று நாங்கள் சொல்வது தாதியை. யாருடைய கை, யார் சொன்ன சொல், யாரும் சொல்லாமல் விட்ட விஷயம் என்று எல்லாம் துல்லியமாக நினைவிருக்கும்.

இந்த இரண்டாவது கதைக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'மகப்பேற்றுப் பராமரிப்பின் தரம் குறித்த பெண்களின் பார்வை'. பெயர்தான் நீளம். விஷயம் நம் எல்லோர் வீட்டிலும் இருப்பதுதான். இதை முதல் முறையாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக, முக்கியமாக இப்போது கிளினிக் போய் வந்துகொண்டிருக்கும் தங்கச்சிமாருக்காகவும் அவர்களுடைய வீட்டாருக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் 'தரம்' என்ற சொல்லைப் பார்ப்போம். மருத்துவத்தின் தரத்தை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு 1966இல் அவெடிஸ் டொனபேடியன் என்ற மருத்துவர் ஒரு வழி சொன்னார். பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர். மூன்று இடங்களில் பாருங்கள் என்றார்: அங்கே என்ன இருக்கிறது, அங்கே என்ன செய்கிறார்கள், கடைசியில் என்ன ஆனது. பிரசவ அறைக்கு இதைப் பொருத்தினால், கட்டில், இரத்தம், மருந்து, போதிய ஆட்கள் என்பவை முதலாவது. வலி வந்ததிலிருந்து தையல் போடுவது வரை நடக்கும் எல்லாம் இரண்டாவது. தாயும் பிள்ளையும் எப்படி வெளியே வந்தார்கள் என்பது மூன்றாவது. அந்த நடுப் பங்கிலேயே இரண்டு இழை பின்னிக் கிடக்கின்றன என்பதையும் அவர் பிற்பாடு விரித்து எழுதினார். ஒன்று கைத்திறன். மற்றது ஒரு மனிதர் இன்னொரு மனிதரை நடத்தும் விதம்.

அரை நூற்றாண்டு கழித்து, 2016இல், உலக சுகாதார ஸ்தாபனம் தாய் சேய் பராமரிப்புக்கென்று எட்டுத் தர நியமங்களை வெளியிட்டது. அதில் தரத்தைத் தெளிவாக இரண்டு பாதியாகப் பிரித்திருக்கிறார்கள். 'வழங்கப்பட்ட பராமரிப்பு' ஒரு பாதி, 'பெண் அனுபவித்த பராமரிப்பு' மறு பாதி. இரண்டாவது பாதியின் கீழ் மூன்று விஷயங்கள் வருகின்றன: அவளுக்கு விளங்கும்படி பேசுவது, அவளுடைய மானத்தையும் மரியாதையையும் காப்பது, அவள் விரும்பும் துணையையும் மனத்தெம்பையும் கொடுப்பது. கூடுதலாகச் செய்யும் உபசரணை என்று இவற்றை ஓரத்தில் வைக்கவில்லை. மருந்துக்கும் சத்திரசிகிச்சைக்கும் பக்கத்தில் அதே வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

ஓர் உதாரணம் சொன்னால் இலகுவாக விளங்கும். பிரசவ வலியோடு உள்ளே போன பெண்ணுக்குக் கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று விரலால் பார்ப்பார்கள். வழமையான பிரசவத்தில் நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பார்க்கலாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஒருவர் நேரம் தவறாமல் வந்து, கையுறை போட்டு, சரியாகப் பார்த்து, எழுதிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பாதிக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம். இனி அதே சில நிமிடங்களைக் கட்டிலில் கிடந்தவளிடம் கேளுங்கள். திரையை இழுத்து மூடினாரா? தொடுவதற்கு முன் சொன்னாரா? எத்தனை சென்டிமீற்றர் என்று அவளுக்குச் சொன்னாரா, பக்கத்தில் நின்ற மிஸ்ஸுக்கு மட்டும் சொன்னாரா? "கொஞ்சம் நில்லுங்கோ, நோகுது" என்றபோது கை நின்றதா? இந்த விடைகள் அவளுடைய டிக்கட்டில், அதாவது வார்டில் எழுதும் சிகிச்சைக் குறிப்பில், எங்கேயும் எழுதியிருக்காது. அவளைக் கேட்டால் மட்டுமே தெரியும். பெண்களின் பார்வையைத் தேடிப் போவதற்கு முதல் காரணம் இதுதான்.

முதல் பாதியில் நம் நாடு சாதித்ததைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை 1879இல் திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அங்கிருந்துதான் வீடு வீடாக வரும் மிட்வைஃப், இன்றைய குடும்பநல உத்தியோகத்தர், நாடு முழுவதும் பரவினார். 1930களில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அதாவது ஐம்பது பேர் பிள்ளை பெறப் போனால் ஒருத்தி திரும்பி வரமாட்டாள். பிரசவம் பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் கிழவிகள் சொன்னது சும்மா பேச்சில்லை, கண்ணால் கண்டது. அந்த எண்ணிக்கை அண்மைக் காலத்தில் பெரும்பாலும் 30ஐச் சுற்றி நிற்கிறது. இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவத்துக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கிறது. அரச மருத்துவமனையில் இதற்குக் காசும் இல்லை. இத்தனையும் கிடைத்த பிறகுதான் இரண்டாவது பாதியைப் பற்றி உட்கார்ந்து பேச நமக்கு இடம் வந்திருக்கிறது.

எனக்கு அந்த இரண்டாவது பாதி எப்படி விளங்கியது என்று சொல்கிறேன்.

என் மூத்தவள் பிறந்தது கொழும்பில், ஓர் அரச மருத்துவமனையில். யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி வந்து இரண்டாம் வருஷம். பஸ்ஸுக்கும் கடைக்கும் போதுமான சிங்களம்தான் தெரியும். விடியப்புறம் மூன்று மணி இருக்கும். பிள்ளையின் இதயத்துடிப்பைப் பார்க்க வயிற்றில் பட்டி கட்டியிருந்தார்கள். அந்த இயந்திரத்தைப் பார்த்த மிஸ் டொக்டரைக் கூப்பிட்டார். என் தலைக்கு மேலே இருவரும் வேகமாகக் கதைத்தார்கள். எனக்கு இரண்டு சொல் விளங்கியது. 'பபா', 'ஹதிசி'. பிள்ளை, அவசரம். பிறகு ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்து வைத்தேன். தள்ளுவண்டியில் படுத்தபடி அந்த நீள நடைபாதையில் போகும்போது என் பிள்ளை செத்துவிட்டது என்றே நினைத்தேன்.

சாகவில்லை. இதயத்துடிப்பு குறைந்திருக்கிறது, உடனே முடிவெடுத்து சிசேரியன் செய்திருக்கிறார்கள். மருத்துவத்தில் ஒரு பிழையும் இல்லை. அந்த வேகம்தான் இன்று எட்டாம் வகுப்புக்குப் போகிற என் மகளை எனக்குத் தந்தது. அந்தக் கைகளுக்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்வேன். ஆனால் அந்த நடைபாதை இன்றைக்கும் கனவில் வருகிறது. "பிள்ளை உயிரோடு இருக்கு" என்று யாராவது மூன்று சொல் சொல்லியிருந்தால் வந்திராது.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாள் ஒருவர் வந்து, "எல்லாம் எப்படி, நல்லமா?" என்று கேட்டார். "நல்லாப் பார்த்தீங்கள்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அந்த நேரம் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெண்களின் பார்வையை அறியப் போகிறவர்கள் அதிகம் வழுக்கி விழுவது இங்கேதான். 'திருப்தி' வேறு, 'அனுபவம்' வேறு. "திருப்தியா?" என்று கேட்டால் பிள்ளை பெற்ற பெண்களில் பெரும்பாலானோர் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். கையில் பிள்ளை கிடக்கிறது, மனம் நிறைந்திருக்கிறது, அந்த நிறைவு எல்லாவற்றின் மேலும் பூசப்பட்டுவிடுகிறது. கேட்கிறவர் வெள்ளை உடுப்போடு வார்டுக்குள்ளேயே நிற்கிறார். அடுத்த பிள்ளைக்கும் இங்கேதான் வரவேண்டும். முதல் பிள்ளைக்காரிக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்றும் தெரியாது. தங்களுக்குக் கிடைத்த முறைதான் சிறந்த முறை என்று பெண்கள் எடுத்துக்கொள்ள முனைவதை ஸ்கொட்லாந்து ஆய்வாளர்கள் 1984இலேயே எழுதியிருக்கிறார்கள். நம்மூர்ப் பெண்களுக்கு மட்டும் உள்ள குணம் இல்லை இது.

எதிர்பார்ப்பும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. "ஏசாமல் விட்டாங்களே, அதுவே பெரிசு" என்று நினைத்துப் போகிறவள் சின்ன அன்புக்கே நூறு புள்ளி போடுவாள். கேட்டுப் படித்து, தன் உரிமை தெரிந்து போகிறவள் அதே வார்டுக்கு அறுபதுதான் போடுவாள். புள்ளியை மட்டும் பார்த்தால் முதலாமவளுக்கு நல்ல பராமரிப்புக் கிடைத்தது என்று தப்பாக எழுதிவிடுவோம். ஆகவே இப்போது கவனமாகச் செய்யப்படும் ஆய்வுகளில் "எப்படி இருந்தது?" என்பதோடு நிறுத்துவதில்லை. "என்ன நடந்தது?" என்று கேட்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களா? பரிசோதிக்கும் முன் அனுமதி கேட்டார்களா? கூப்பிட்டபோது எவ்வளவு நேரத்தில் வந்தார்கள்? இந்தக் கேள்விகளுக்கு நன்றியுணர்ச்சி வந்து விடை சொல்ல முடியாது. கேட்கும் காலமும் முக்கியம். துண்டு வெட்டும் நாளில் ஒரு விடை வரும், தையல் ஆறி, பால் கொடுக்கப் பழகி, நாற்பது நாள் போன பிறகு வேறு விடை வரும்.

சரி, அப்படிக் கேட்டால் பெண்கள் எதைத் தரம் என்று சொல்கிறார்கள்? தாய்மார் நலனுக்காக இயங்கும் வெள்ளை ரிப்பன் கூட்டமைப்பு 114 நாடுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டு, 2019இல் விடைகளை வெளியிட்டது. தாய்மை, இனப்பெருக்கப் பராமரிப்பில் உங்களுடைய ஒரேயொரு கோரிக்கை என்ன என்பதுதான் கேள்வி. மரியாதையோடு நடத்த வேண்டும் என்பதே முதலிடத்தில் வந்தது. அடுத்து வந்தது தண்ணீர், மலசலகூடம், சுத்தம். இந்த இரண்டாவதை ஆண்கள் சிலர் சின்ன விஷயம் என்று நினைக்கக்கூடும். தையலோடும் இரத்தப்போக்கோடும் நடந்து போய் வாளி இல்லாத கழிவறையின் கதவைத் திறந்தவளுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிது என்று.

கொழும்பில் தமிழ் பேசுகிற பெண்களிடம் கேட்டால் மரியாதையோடு சேர்ந்து மொழியும் வரும். கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் கொம்பனித்தெருவிலும் பிறந்து வளர்ந்தவர்கள் சரளமாகச் சிங்களம் பேசுவார்கள். ஹற்றனிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கல்யாணமாகியோ வேலைக்கோ வந்தவர்களுக்கு அப்படி இல்லை. சரளமாகப் பேசுகிறவர்களுக்கும் ஒரு சங்கடம் உண்டு. வலி உச்சத்தில் நிற்கும்போது இரண்டாவது மொழிதான் முதலில் கைவிட்டுப் போகும். "குத்துது", "உளையுது", "கடுக்குது", "இழுக்குது" என்பதெல்லாம் வேறு வேறு நோ. எல்லாவற்றையும் "ரிதெனவா" (நோகுது) என்ற ஒரே சிங்களச் சொல்லில் அடக்கிச் சொன்னால் டொக்டருக்குப் பாதிதான் போய்ச் சேரும். கிளினிக்கில் கணவர் மொழிபெயர்ப்பார். பிரசவ அறைக் கதவோடு அவருடைய வேலை முடிந்துவிடும். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கதவுக்கு மேலே மூன்று மொழியில் பெயர்ப்பலகை இருக்கிறது. கதவுக்கு உள்ளே, இரவு மூன்று மணிக்கு, அது அன்றைக்கு யார் வேலையில் நிற்கிறார் என்பதைப் பொறுத்திருக்கிறது.

மொழியை முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. என் இரண்டாவது பிள்ளைக்கு வேறொரு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே நின்ற மிட்வைஃபுக்குத் தமிழில் மொத்தம் ஏழெட்டுச் சொல்தான் தெரியும். "மூச்சு எடுங்க", "இப்ப முக்க வேணாம்", "பிள்ளை நல்லம்." எங்கேயோ கேட்டுத் தானாகப் பழகியிருக்கிறார். மிச்சத்துக்கு "பய வென்ன எபா நங்கி" என்று என் முதுகைத் தடவினார். பயப்படாதே தங்கச்சி. "பிள்ளை நல்லம்" என்ற அந்த இரண்டு சொல்லைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சொன்னார். முதல் பிரசவத்தில் எனக்குக் கிடைக்காமல் போனது அதுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

துணை பற்றிக் கொஞ்சம். கூடவே ஒருவர் தொடர்ந்து இருந்தால் என்ன மாற்றம் வருகிறது என்று 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளின் முடிவுகளை 2017இல் கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பின் குழுவினர் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடுதலாக இருந்தது, வலி நேரம் குறைந்தது, சிசேரியன் குறைந்தது, பிறகு அந்தப் பிரசவத்தைக் கசப்போடு நினைப்பதும் குறைந்தது. அதாவது பெண்கள் 'எனக்கு ஆள் வேண்டும்' என்று கேட்டது வெறும் ஆறுதலுக்காக மட்டும் இருக்கவில்லை, மருத்துவ ரீதியாகவும் சரியாக இருந்தது. நம் அரச பிரசவ அறைகளில் இது இடத்துக்கு இடம் மாறும். பல கட்டில்கள் ஒரே அறையில், நடுவில் திரை மட்டும் என்றால் ஒருத்தியின் கணவர் உள்ளே வருவது மற்றவளின் மானத்தைக் கெடுக்கும். அதனால் தாயோ சகோதரியோ போன்ற ஒரு பெண் துணையை விடும் இடங்கள் உண்டு. ஆகவே துணை என்பது மனம் இருந்தால் மட்டும் நடக்கிற காரியமும் இல்லை, கட்டடம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதோடும் பிணைந்தது.

மோசமான பக்கத்துக்கும் பெயர் உண்டு. அடிப்பது, ஏசுவது, கேட்காமல் செய்வது, இரகசியத்தை எல்லோர் முன்னும் போட்டு உடைப்பது, பாகுபாடு காட்டுவது, தனியே விட்டுவிட்டுப் போவது ஆகியவற்றை 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வறிக்கை அவமதிப்பின் வகைகளாகப் பிரித்துக் காட்டியது. 2014இல் உலக சுகாதார ஸ்தாபனம் இதற்கெதிராகப் பகிரங்க அறிக்கையே வெளியிட்டது. "பிள்ளைப்பேறு எண்டா அப்படித்தான்" என்று நாம் தலைமுறையாக விழுங்கி வந்ததைப் பிரித்துப் பெயர் சொல்ல முடிந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அப்படியென்றால் பெண் சொல்வதெல்லாம் தரத்தின் சரியான அளவா? இல்லை, இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அடிக்கடி ஸ்கேன் எடுத்தால், சேலைன் ஏற்றினால், ஏசி அறை கொடுத்தால் நல்ல பராமரிப்பு என்று நினைக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். பொறுமையாக இருந்து, வெட்டாமல், மருந்து ஏற்றாமல் பிள்ளையைத் தானாகப் பிறக்க விடும் மிட்வைஃப் 'ஒண்டும் செய்யேல்ல' என்று பெயர் வாங்குவார். உண்மையில் எல்லோருக்கும் வழக்கமாகக் கீழே வெட்டுவதை உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைப்பதில்லை. ஓர் ஊசி தேவையா என்பதை மருத்துவம் படித்தவர் சொல்லட்டும். அதைப் போடும் முன் தனக்குச் சொன்னார்களா என்பதை அவள்தான் சொல்ல முடியும். நடுவில் ஒரு பகுதி இருக்கிறது, அங்கே இரண்டும் ஒன்றாகிவிடும். "இரத்தம் கூடப் போகுது எண்டு சொன்னன், யாரும் பார்க்கேல்ல" என்று ஒரு பெண் சொன்னால் அது அனுபவக் குறையும்தான், உயிராபத்தும்தான்.

வேலை செய்கிறவர்களின் நிலையையும் மறக்கக்கூடாது. ஒரே இரவில் பல பிரசவம் பார்த்து, உட்காராமல் நிற்கிற மிஸ்ஸின் குரல் விடியும்போது கடுகடுப்பாவது ஆச்சரியமில்லை. அந்த எட்டு நியமங்களில் ஒன்று தகுதியும் உற்சாகமும் உள்ள ஊழியர்களைப் பற்றியது என்பது அதனால்தான். ஆள் போதாமையை அன்பால் மட்டும் ஈடுகட்டச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இந்தப் பார்வை அந்த அறையோடு முடிந்துவிடுவதும் இல்லை. தாய் மரணங்களுக்குப் பின்னால் மூன்று தாமதங்கள் இருப்பதாக 1994இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற கட்டுரை விளக்கியது: போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். கொழும்பில் இரண்டாவது தாமதம் குறைவு. 1990 என்று அழைத்தால் அம்புலன்ஸ் வரும். முதலாவது அப்படியில்லை. போன தடவை ஏச்சு வாங்கியவள் இந்தத் தடவை வலி வந்தும் "இன்னும் கொஞ்சம் பார்ப்பம்" என்று வீட்டிலேயே இருப்பாள். இன்னொருத்தி நகையை அடகு வைத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போவாள். இருவரையும் அப்படிச் செய்ய வைப்பது போன பிரசவத்தின் நினைவுதான்.

ஆகவே, பிள்ளை பார்க்கப் போகும்போது கேட்கத் தெரிந்து கேளுங்கள். "எல்லாம் நல்லமா?" என்று கேட்டால் "ஓம்" வரும். "உள்ளுக்குப் போனதில இருந்து சொல்லு" என்று கேளுங்கள். யார் பக்கத்தில் நின்றார்கள், எதை விளங்கப்படுத்தினார்கள், எந்த இடத்தில் பயம் வந்தது என்று கேளுங்கள். நடுவில் "பிள்ளை நல்லாத்தானே இருக்கு, விடு" என்று சொல்லிவிடாதீர்கள். அழுகை நிற்காமல், நித்திரை இல்லாமல், பிள்ளையைத் தூக்கவே மனமில்லாமல் நாட்கள் போனால் வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். அதைக் கேட்டறிவதும் அவருடைய வேலைதான்.

இனிமேல்தான் பிள்ளை பெறப் போகிறவர்கள், எட்டாம் மாதத்திலேயே கிளினிக்கில் மூன்று விஷயம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். துணைக்கு ஒருவரை உள்ளே விடுவார்களா, யாரை? இரவில் தமிழ் தெரிந்தவர் யாராவது நிற்பாரா? அவசரமாக சிசேரியன் என்றால் எனக்கு யார், எந்த மொழியில் சொல்வார்? விடையைக் கர்ப்பிணிக் கொப்பியின் பின் அட்டையில் எழுதி வையுங்கள். தமிழில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரிந்தால், வலி, தண்ணீர், இரத்தம், மூச்சு, "பிள்ளை எப்படி?" இவற்றுக்கான சிங்களச் சொற்களை இப்போதே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கடைசியை மட்டும் நான் இங்கேயே எழுதிவிடுகிறேன்: "பபாட்ட கொஹொமத?"